முதலில் பூனை, பிறகு மனிதன்

2022 பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி பிரான்சிலிருந்து என் பேரன் கூப்பிட்டான். என் மூத்த மகள் குடும்பம் பாரீசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறது. பையனுக்கு அப்போது பதினான்கு வயது, கால்பந்துப் பைத்தியம். வழக்கமாக "சாப்ட்டீங்களா தாத்தா" என்று ஆரம்பிப்பவன் அன்று எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வியைப் போட்டான்.

"தாத்தா, பூனையை உதைக்கிறது பெரிய தப்பா, இல்ல ஒரு மனுசனை அவன் தோல் நிறத்தைச் சொல்லித் திட்டுறது பெரிய தப்பா?"

அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் முதலில் "எந்தக் கோப்பு?" என்று கேட்பான். நானும் "எதுக்குடா இப்படிக் கேக்கறே?" என்றேன். "நான் கேக்கல தாத்தா, அன்டோனியோ கேட்டாரு" என்றான்.

நமக்கெல்லாம் அன்டோனியோ யார், உதைபட்ட பூனை யாருடையது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூர்த் ஸூமா என்று ஒரு பிரெஞ்சு விளையாட்டு வீரர். லியோனில் பிறந்தவர். பெற்றோர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலிருந்து வந்தவர்கள். சேன் எத்தியேன் அணியில் பேரெடுத்து, பிரான்ஸ் தேசிய அணிக்கும் ஆடி, அந்தச் சமயத்தில் லண்டனில் வெஸ்ட் ஹாம் அணியில் இருந்தார். இவர் ஒரு நாள் தன் வீட்டுச் சமையலறையில் வளர்ப்புப் பூனையைப் பந்து உதைப்பது போல உதைத்தார். செருப்பை எடுத்து அதன் மேல் வீசினார். ஒரு குழந்தை கையில் பிடித்திருந்த பூனையை ஓங்கி அறைந்தார். பூனை ஒரு நாற்காலியைப் பாழாக்கிவிட்டதாம், அதற்காக இவ்வளவும். அவருடைய தம்பி இதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்தார். படத்தில் சிரிப்புச் சத்தமும் கேட்டது. பிப்ரவரி 7-ஆம் தேதி லண்டன் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது.

மறுநாளே வாட்ஃபோர்டு அணியோடு ஆட்டம். பயிற்சியாளர் டேவிட் மொய்ஸ் ஸூமாவை ஆட்டத்தில் இறக்கினார். எதிரணி ரசிகர்கள் மட்டுமல்ல, சொந்த அணியின் ரசிகர்களே பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் கூச்சல் போட்டார்கள். தான் பிராணிகளிடம் பிரியம் உள்ளவன்தான், ஆனால் அணியை ஜெயிக்க வைப்பது தன் வேலை என்று மொய்ஸ் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிப் பாதுகாப்புச் சங்கம் வந்து இரண்டு பூனைகளையும் எடுத்துப் போனது. அணி நிர்வாகம் ஸூமாவுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டு, அந்தப் பணத்தைப் பிராணிகள் நலத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தது. அடிடாஸ் கம்பெனி அவரோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. வழக்குப் போட வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்டோனியோ இந்த நேரத்தில்தான் வருகிறார். மிக்கேல் அன்டோனியோ அதே அணியில் கோல் அடிப்பவர், நட்சத்திர வீரர். தொலைக்காட்சி நிருபர் ஒருவர் ஸூமாவைப் பற்றிக் கேட்டதும் அவர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: இவர் செய்தது இனவெறியைவிட மோசமானதா? அதற்குப் பிறகு, ஸூமா செய்ததை நான் ஏற்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை என்றார். இனவெறிக் குற்றத்துக்கு ஆளானவர்கள் எட்டு ஆட்டம் தடையோடு மறுபடி ஆடப் போய்விட்டார்கள், இவருக்கு மட்டும் பிழைப்பையே பறிக்கச் சொல்கிறார்களே என்றும் கேட்டார்.

இதில் அன்டோனியோ தப்பாகச் சொன்னது எது? தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. லிவர்பூல் அணியில் இருந்த லூயிஸ் சுவாரஸ், 2011-இல் பத்ரிஸ் எவ்ரா என்ற கறுப்பின பிரெஞ்சு வீரரை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாக விசாரித்து முடிவு செய்தார்கள். அவருக்குக் கிடைத்த தண்டனை எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும். அவரை அணியை விட்டே அனுப்ப வேண்டும் என்று ஊர் திரண்டு எழவில்லை. அன்டோனியோவும் கறுப்பின மனிதர். மைதானத்தில் அவர் மாதிரி ஆட்கள் காலகாலமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும் வசவுக்கு ஒரு லட்சம் கையெழுத்து வந்ததில்லையே என்ற அவருடைய ஆற்றாமை பொய்யானதல்ல.

ஆனாலும் மறுநாள் ஊரெல்லாம் அவர் மேல் பாய்ந்தது. "பூனையை உதைத்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்பதுதான் பேச்சு. அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம், நான் இதை ஏற்கவில்லை என்பது, எங்கும் கேட்கவில்லை. முதல் வாக்கியம் மட்டும் உலகம் சுற்றி வந்தது. சார்செல் வரைக்கும், அங்கிருந்து முத்தியால்பேட்டை வரைக்கும்.

என் பேரனுக்கு அன்று நான் சொன்ன பதில், "ரெண்டும் தப்புதான்டா" என்பது. பையன் சிரித்துவிட்டு, "அது பதில் இல்ல தாத்தா" என்றான். அவன் சொன்னது சரிதான். நான் நழுவினேன்.

அதற்கப்புறம் இந்த மாதிரிச் செய்திகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். குற்றம் செய்தவனைவிட அவனுக்காகப் பேசியவன் மேல் சில சமயம் கோபம் அதிகமாக வருகிறதே, ஏன்?

ஊப்பி கோல்ட்பெர்க்கை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'கோஸ்ட்' படத்தில் ஆவியோடு பேசும் பெண்மணியாக வந்து ஆஸ்கர் வாங்கினாரே, அவர்தான். 2007 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண்கள் உட்கார்ந்து பேசும் பிரபலமான நிகழ்ச்சி ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்த முதல் நாளே மைக்கேல் விக்கைப் பற்றிப் பேசி மாட்டிக்கொண்டார்.

விக் செய்தது ஸூமா செய்தது போல ஒரு நிமிஷ ஆத்திரம் அல்ல. அமெரிக்கக் கால்பந்தில் அவர் உச்சத்தில் இருந்தவர். 2004-இல் பத்து வருடத்துக்கு 13 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டவர். வர்ஜீனியா மாநிலத்தில் பதினைந்து ஏக்கர் இடம் வாங்கி, கூட்டாளிகளோடு சேர்ந்து வருடக்கணக்கில் நாய்ச் சண்டை நடத்தினார். சண்டைக்கு லாயக்கில்லை என்று தோன்றிய நாய்களைத் தூக்கிலிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றார்கள். 2007 ஏப்ரலில் போலீஸ் உள்ளே போனபோது ஐம்பதுக்கு மேற்பட்ட நாய்கள் அங்கே இருந்தன. ஆகஸ்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் 23 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவர் ஒப்புக்கொண்ட மறுவாரம் ஊப்பி என்ன சொன்னார் தெரியுமா? அந்த மனிதர் தெற்கத்திப் பக்கம் வளர்ந்தவர், அங்கே நாய்ச் சண்டை புதிதல்ல, போர்ட்டோ ரிக்கோவில் சேவல் சண்டை மாதிரி, அதையும் யோசிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். நாய்களைக் கொன்றது சரி என்று அவர் சொல்லவில்லை. பின்னால் அதை விளக்கியும் பார்த்தார். விளக்கம் யாருக்கு வேண்டும்? விக்குக்கு விழ வேண்டிய அடியில் பாதி இவர் தலையில் விழுந்தது.

அன்டோனியோ "இதைவிடப் பெரிய குற்றம் உண்டே" என்றார். ஊப்பி "அவர் வளர்ந்த இடம் அப்படி" என்றார். ஊரில் யாராவது தப்பு செய்தவனுக்காக நாம் பேசும்போதும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறோம். இரண்டும் ஏன் எடுபடுவதில்லை என்பதை ஆபீஸ் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நான் சில வருடம் பணியாளர் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைப் பார்த்தவன். மெமோ வாங்கிய ஊழியர் விளக்கம் எழுதித் தருவார். பத்தில் நாலு விளக்கத்தில் ஒரு வாசகம் கட்டாயம் இருக்கும்: "பக்கத்து செக்‌ஷனில் இன்னார் இதைவிடப் பெரிய தவறு செய்தார், அவருக்கு மெமோ தரப்படவில்லை." எங்கள் சூப்பரிண்டெண்ட் அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டு, "இது விளக்கம் ஆகாது, தனி மனுவாகத் தரவும்" என்று ஓரத்தில் எழுதுவார். அந்த வயதில் எனக்கு அவர் ஈரமில்லாத மனிதர் என்று தோன்றியது. இப்போது நினைத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பக்கத்து செக்‌ஷன்காரரை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அது தனிக் கோப்பாக வரட்டும், அதற்கென்று ஒரு எண் போட்டு விசாரிக்கலாம் என்றார். இந்தக் கோப்புக்குள் அதைச் செருகினால் இரண்டுமே கெடும்.

அன்டோனியோவின் புகார் அப்படித் தனிக் கோப்பாக வர வேண்டிய புகார். எட்டு ஆட்டம் போதுமா என்பதை ஒரு பூனை அடிபட்ட அன்றைக்குக் கேட்டதால், கேள்வியும் பாழாய்ப் போயிற்று, பூனையும் மறைந்து போயிற்று.

ஊப்பி சொன்ன 'வளர்ந்த இடம்' என்ற வாதம் கொஞ்சம் கனமானது. பிரான்சையே பாருங்கள். அந்த நாட்டுத் தண்டனைச் சட்டப்படி வளர்ப்புப் பிராணியைக் கொடுமைப்படுத்தினால் மூன்று வருடச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரைக்கும் உண்டு. 2021 நவம்பரில்தான் அதை இவ்வளவு கடுமையாக்கினார்கள். ஆனால் அதே சட்டப் பிரிவில், எந்த ஊரில் காளைச் சண்டை விடுபடாத உள்ளூர் வழக்கமாக இருக்கிறதோ அங்கே அது செல்லாது என்றும் எழுதியிருக்கிறது. 1951-இல் வந்த விலக்கு இன்றும் நிற்கிறது. 2012-இல் அரசியல் சட்ட மன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. நீம், ஆர்ல், பயோன் ஊர்களில் ஆயிரக்கணக்கானவர் பார்க்கக் காளையை ஈட்டியால் குத்தி, கடைசியில் வாளால் கொல்வது குற்றமல்ல. பாரீசில் ஒருவர் அதையே செய்தால் சிறை.

அப்படியானால் வளர்ப்பும் வழக்கமும் கணக்கில் வரத்தானே செய்கின்றன, சட்டத்திலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். வருகின்றன. ஒருவனுக்கு எவ்வளவு தண்டனை என்று யோசிக்கிற இடத்தில் அது வர வேண்டும். நடந்தது என்ன என்று சொல்லுகிற இடத்தில் வரக் கூடாது. இன்னொன்று, அந்த வாதத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு அவமானமும் இருக்கிறது. தெற்கத்திச் சீமையில் வளர்ந்த எல்லோருமா நாயைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறார்கள்? அதே தெருவில் அதே வறுமையில் வளர்ந்து, பழைய சோற்றில் பாதியை நாய்க்கு வைத்தவர்களும் இருப்பார்கள் அல்லவா?

இனி கோபப்பட்டவர்கள் பக்கம் வருகிறேன். அவர்களும் சுத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாயில்லாப் பிராணிக்காக வருகிற கோபம் நல்ல கோபம். மனிதர்களுக்குள் ஒரு சண்டை என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது இருக்கும். பூனை என்ன வம்பு செய்திருக்கும்? சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒரு பக்கம் நிற்க மனிதனுக்குக் கிடைக்கிற அபூர்வமான சந்தர்ப்பம் அது. அதனால்தான் அவ்வளவு பேர் ஓடி வருகிறார்கள். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நம் பக்கம் முழு நியாயம் இருக்கும்போது எவ்வளவு அடித்தாலும் தப்பில்லை என்று தோன்றிவிடும். சிறைவாசம் முடித்து விக் மறுபடி விளையாடிக்கொண்டிருந்த 2010-இல், அவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்ததற்காக அதிபர் ஒபாமா அந்த அணியின் உரிமையாளரிடம் தொலைபேசியில் பாராட்டினார் என்று செய்தி வந்தது. அப்போது டக்கர் கார்ல்சன் என்ற தொலைக்காட்சிப் பேச்சாளர், விக்கைத் தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்றே சொன்னார். பிறகு உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று பின்வாங்கினார்.

நம் வயதுக்காரர்களுக்கு பிரிஜித் பர்தோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சினிமாவை விட்டுவிட்டு வாழ்க்கையையே பிராணிகளுக்கு எழுதிக் கொடுத்தவர். 1986-இல் அதற்கென்று ஒரு அறக்கட்டளை தொடங்கினார். சீல் குட்டிகளுக்காக அவர் பேசியதை நான் கண் கலங்கப் படித்திருக்கிறேன். அதே பர்தோவுக்குத்தான் இஸ்லாமியர்களையும் குடியேறியவர்களையும் இழிவாக எழுதியதற்காக 1997 முதல் பலமுறை பிரெஞ்சு நீதிமன்றங்கள் அபராதம் விதித்தன. பிராணிகள் மேல் அன்பும் மனிதர்கள் மேல் வெறுப்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும். அன்டோனியோவின் பயம் வெறும் கற்பனையல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

விக்கின் நாய்கள் என்னவாயின என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விஷயம் முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். சண்டைக்கு வளர்த்த நாய்களை அதுவரை வழக்கமாகக் கொன்றுவிடுவார்கள். விக்கின் மேல் அதிகம் கோபப்பட்ட பெரிய பிராணிநலச் சங்கங்களே, பீட்டா உட்பட, இந்த நாய்கள் திருந்தாது, ஊசி போட்டுவிடுவதே நல்லது என்றுதான் முதலில் சொன்னார்கள். நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொன்னது. அவற்றின் நலனைப் பார்க்க ஒரு சட்டப் பேராசிரியரை நியமித்தது. பராமரிப்புச் செலவுக்கு விக் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. சோதித்ததில், குணம் காரணமாக ஊசி போட வேண்டி வந்தது ஒரே ஒரு நாய்க்கு. மிச்சத்தில் பல நாய்கள் வீடுகளுக்குப் போயின, குழந்தைகளோடு வளர்ந்தன. யூட்டா மாநிலத்தில் ஒரு காப்பகம் மட்டும் 22 நாய்களை எடுத்துக்கொண்டது.

மொத்தமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொன்றாக அருகில் போய்ப் பார்த்தார்கள். நாய்க்கு அந்த மரியாதை கிடைத்தது. விக்குக்கும் சிறை முடிந்த பிறகு ஓரளவு கிடைத்தது. அவர் பள்ளிக்கூடங்களுக்குப் போய் நாய்ச் சண்டைக்கு எதிராகப் பேசினார். மனசார மாறினாரா, வழக்கறிஞர் சொல்லிக் கொடுத்துப் பேசினாரா, அதை அவர்தான் அறிவார்.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை, இந்தக் கிழவனுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. காரணம் இருக்கிறது. பேரனுக்குச் சரியான பதில் சொல்லத் தெரியாமல் விட்ட நான், அடுத்த வருடமே எங்கள் தெருவில் ஒரு சின்ன அன்டோனியோ ஆனேன்.

எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் ஒருவர் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். பதினைந்து வருடப் பழக்கம். சட்டையில் பொத்தான் பிய்ந்திருந்தால் அவரே தைத்து வைப்பார். ஒரு நாள் மதியம் வண்டியின் கீழே படுத்திருந்த தெரு நாய், மூட்டையிலிருந்து தொங்கிய பட்டுப் புடவையை இழுத்துக் கிழித்துவிட்டது. மனுசன் கட்டையை எடுத்து அடித்தார். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. நாயின் பின்னங்கால் முறிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகி, சாயங்காலத்துக்குள் தெருவிலிருந்த அத்தனை கைப்பேசிக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை பாண்லே பூத்தில் பால் வாங்க நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அதையே பேசினார்கள். இனி அவரிடம் துணி போடக் கூடாது, வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. மனு எழுதித் தருவேன், பென்ஷன் தாளைப் படித்துச் சொல்வேன். என் பேச்சை ஐயா சொன்னால் சரி என்று கேட்பார்கள். அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"முதல் தடவை என்றால் சட்டத்திலேயே பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைக்கும்தான் அபராதம்" என்று ஆரம்பித்தேன். 1960-ஆம் வருடத்துப் பிராணிவதைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.  நான் பொய் சொல்லவில்லை. "ஐம்பது ரூபாய்க் குற்றத்துக்கு ஒரு ஏழையின் பிழைப்பில் மண்ணைப் போடலாமா? புடவைக்கு நாலாயிரம் யார் கொடுப்பது? அவர் நிலைமையில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்?" என்று அடுக்கினேன். பேசி முடித்தபோது நன்றாகப் பேசினோம் என்று கூட எனக்குத் தோன்றியது.

யாரும் பேசவில்லை. வரிசையில் பின்னால் நின்றிருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா மட்டும், குரலை உயர்த்தாமல், "ஐயா, அந்த நாய்க்குக் கால் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. நாய் எங்கே இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். "ஐயாவே அவனுக்கு சப்போர்ட் பண்றாரு" என்று பேச்சு பரவியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு வாரத்தில் ஆறியிருக்கக்கூடிய விஷயம், என்னால் கட்சி பிரிந்து ஒரு மாதம் எரிந்தது. அவருக்காகப் பேசுகிறேன் என்று போய் அவரைத்தான் கெடுத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். போகும்போது, "நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்று மாலையே நாயைப் பார்க்கப் போனேன். தெருவின் மூன்றாவது வீட்டில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் அதைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போய், மாவுக்கட்டு போட்டு, வீட்டுப் பின்கட்டில் கோணிப்பை விரித்துப் படுக்க வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் நாய் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் வாலை மட்டும் ஆட்டியது. அடித்தவனுக்காகக் காலையில் அவ்வளவு பேசியவன் இவன்தான் என்று அதற்குத் தெரியுமா? அந்தப் பெண் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். ஆட்டோவுக்கும் மருந்துக்கும் அவள் கைக்காசு செலவழிந்திருந்தது. கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "அவரும் பாவம்தான் தாத்தா, ஆனா இதுதான் முதல்ல பாவம்" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். முதல் பத்தியில் நடந்தது என்ன, யாருக்கு என்ன நஷ்டம் என்று கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். இரண்டாவது பத்தியில் சம்பந்தப்பட்டவரின் விளக்கம். மூன்றாவதில் விதி. கடைசியில்தான் "கருணையோடு பரிசீலிக்கலாம்" என்ற பரிந்துரை. அந்த வரிசையை மாற்றி எழுதினால் கோப்பு மேலே போகாது, திரும்பி வரும். ஆபீசில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்த நான், பால் பூத்தில் பரிந்துரையிலிருந்து ஆரம்பித்தேன். நாயை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. அன்டோனியோவும் ஊப்பியும் செய்தது அதேதான். கேட்பவர்களுக்கு மனசில் முதலில் தெரிவது அடிபட்ட பிராணி. அதை நீ பார்த்தாயா என்று தெரியாத வரையில் நீ சொல்கிற எந்த நியாயமும் அவர்கள் காதில் ஏறாது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

வாயால் முதலில் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. மொய்ஸ் சொன்னாரே, பிராணிகளிடம் பிரியம் உண்டு என்று. படம் வெளிவந்த மறுநாளே ஸூமாவை இறக்கியதால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. என்னைப் போல நாற்காலி போடும் வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

கோபப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குற்றம் செய்தவனுக்காக ஒருவர் பேசுவது குற்றத்துக்காகப் பேசுவது ஆகாது. தூக்குத் தண்டனைக் கைதிக்கும் வக்கீல் வைத்துக் கொடுக்கிற நாடு இது. ஒருவர் வாய் திறந்தால் இரண்டாவது வாக்கியம் வரைக்கும் பொறுத்துக் கேளுங்கள். எங்கள் டீச்சரம்மா என்னைத் திட்டவில்லை, ஒரு கேள்வி கேட்டார். அந்த ஒரு கேள்வி என்னை மூன்றாவது வீட்டுப் பின்கட்டுக்கு அனுப்பியது. தெருவே கூடித் திட்டியிருந்தால் நான் வீம்புக்கு என் கட்சியிலேயே நின்றிருப்பேன்.

ஸூமாவின் வழக்கு 2022 ஜூன் 1-ஆம் தேதி முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். 180 மணி நேரம் சம்பளமில்லாமல் சமூகப் பணி செய்ய வேண்டும், ஐந்து வருடத்துக்குப் பூனை வளர்க்கக் கூடாது என்று தீர்ப்பு. படம் பிடித்த தம்பிக்கு 140 மணி நேரம். பிழைப்பு போகவில்லை, ஸூமா தொடர்ந்து ஆடினார். எனக்கு அது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது. தப்புக்கு ஏற்ற தண்டனை, அதற்கு மேல் இல்லை.

பேரனுக்கு இப்போது வயது வந்துவிட்டது. போன கோடையில் இங்கே வந்திருந்தபோது மாடியில் உட்கார்ந்து இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "உன் கேள்விக்கு இப்ப பதில் சொல்றேன். எது பெரிசுன்னு தராசுல வைக்காதே. பூனை அடிபட்ட அன்னைக்குப் பூனையைப் பாரு. மனுசன் அடிபட்ட அன்னைக்கு மனுசனைப் பாரு. ஒருத்தனைக் காப்பாத்த இன்னொண்ணைச் சின்னதாக்காதே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்டோனியோகிட்ட நிருபர் வேற ஒண்ணும் கேக்கலியே தாத்தா, மனுசனை அடிச்ச அன்னைக்கு அவங்க மைக்கைத் தூக்கிட்டு வரலியே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தத் தடவை நழுவவில்லை, இல்லை என்றே சொன்னேன்.

இஸ்திரி வண்டி இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாரம் ஒரு தடவை என் சட்டைகளை எடுத்துக்கொண்டு நடந்து போகிறேன். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சில்லை. நாய் எங்கள் தெருவிலேயே இருக்கிறது, பின்னங்காலை லேசாகத் தூக்கித் தூக்கி நடக்கிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது பிஸ்கட் போட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறேன்.